கம்புக்குப் பிறகு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



முதலில் ஒரு மன்னிப்பு. திரையில் படங்கள் வெளிறித் தெரிகின்றன. மஞ்சள் எல்லாம் மோர் நிறத்துக்கு வந்துவிட்டது. அரங்கத்துத் தம்பி அரைமணி நேரம் மல்லுக்கட்டினார். விடுங்கள் தம்பி, இதுவே போதும் என்று நான்தான் சொன்னேன். சரியாகத் தெரியாத படங்களைப் பற்றிப் பேசத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

அழைப்பிதழில் 'புகழ்பெற்ற ஓவியங்களும் என் படைப்பு வாழ்வும்' என்று தலைப்பு அச்சாகியிருக்கிறது. படித்ததும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. உலகத்தின் பெரிய ஓவியங்களுக்கு முன்னால் நின்று கண்ணீர் மல்கி, வீடு திரும்பித் தூரிகையைத் தொட்டவன் என்று யாரும் என்னை நினைத்துவிடக் கூடாது. நாற்பத்து மூன்று வயது வரை அப்படிப்பட்ட ஒரு படத்தையும் நான் நேரில் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் அச்சு. அதிலும் பாதி கறுப்பு வெள்ளை. ஆனால் எனக்கு வேண்டியதைக் கொடுத்தது அந்த மோசமான அச்சுதான். நல்ல அச்சு கிடைத்திருந்தால் நான் ஓவியனாகியிருப்பேனா என்பது எனக்கே சந்தேகம்.

மதுரையில் ஒரு பேனர் கடையிலிருந்து தொடங்குகிறேன். 1971, எனக்குப் பதினாறு வயது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோயிருந்தது. கடை என்றால் கடை இல்லை, ஒரு தியேட்டரின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட கொட்டகை. காடாத் துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, வஜ்ரம் காய்ச்சிப் பூசி, காய்ந்ததும் வெள்ளை அடிக்க வேண்டும். அந்த வஜ்ர நாற்றம் சட்டையை விட்டுப் போகவே போகாது. அதன்மேல் கட்டம் போட வேண்டும். நூலில் நீலத்தூள் தோய்த்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்து நடுவில் சுண்டினால் கோடு விழும். கையில் இருப்பது தபால் அட்டை அளவில் ஒரு ஸ்டில். அதிலும் பென்சிலால் கட்டம் போட்டிருப்போம். சின்னக் கட்டத்தில் உள்ளதைப் பெரிய கட்டத்துக்கு மாற்றுவதுதான் வேலை. என் பங்குக்கு வரும் கட்டத்தில் ஒரு மூக்கு நுனி மட்டும் இருக்கும். யாருடைய மூக்கு என்று சாரத்தை விட்டு இறங்கி இருபது அடி பின்னால் போனால்தான் தெரியும்.

ஸ்டில் கறுப்பு வெள்ளை, பேனர் கலர். படம் வெள்ளிக்கிழமை வெளியாகும், பேனர் புதன்கிழமையே மேலே ஏற வேண்டும். நாங்கள் யாரும் படம் பார்த்திருக்க மாட்டோம். நான் சேர்ந்த புதிதில் ஒருநாள் கொட்டகையின் மூத்த ஓவியரிடம் கேட்டேன்: "அண்ணே, இந்தப் பொம்பள கட்டியிருக்க சேல என்ன கலருண்ணே?"

அவர் பீடியை எடுக்காமலே சொன்னார்: "ஞாயித்துக்கெழம படம் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு. இன்னைக்கு ரோஸ் அடி."

ரோஸ் அடித்தேன். முகத்தின் நிழலில் பச்சை, கன்னத்து வெளிச்சத்தில் ஆரஞ்சு, கூந்தலின் ஓரத்தில் நீலம் என்று அவர் அடித்தார். இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. ஸ்டில்லில் இல்லை, படத்திலும் இருக்காது. தெருவில் போகிறவன் சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து பார்த்தான், அவ்வளவுதான் கணக்கு.

அந்தக் கொட்டகையில் மூன்று வருஷம். பிறகு சென்னைக்கு வந்து ஓவியக் கல்லூரியில் சேர்ந்தேன். பெரியமேட்டில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிறதே, 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி, அதுதான். கல்லூரியைப் பற்றிப் பேச இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் அங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய மூர் மார்க்கெட்டுக்குப் போகிறேன். 1985இல் தீப்பிடித்து எரிந்துபோன அந்தக் கட்டடத்தில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கும். 1976இல் அங்கே அட்டை கிழிந்த ஒரு வான்கோ புத்தகத்தை நாலு ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே எல்லாம் கறுப்பு வெள்ளை. கலர் தாள்களை யாரோ முன்பே பிளேடு போட்டு எடுத்துவிட்டிருந்தார்கள். அவர் நன்றாக இருக்கட்டும்.

அதில் ஒரு படம். வைக்கோல் போர் நிழலில் ஓர் ஆணும் பெண்ணும் படுத்து உறங்குகிறார்கள். அவன் மல்லாந்து கிடக்கிறான், தொப்பி முகத்தை மூடியிருக்கிறது. அவள் பக்கத்தில் சுருண்டு, மடித்த கைகளில் முகத்தைப் புதைத்திருக்கிறாள். தரையில் இரண்டு கதிரறுவாள்கள். தூரத்தில் வண்டி, மாடுகள். அறுவாள்களுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஏதோ ஒரு மொத்தை. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: 'நூன், ஆஃப்டர் மில்லெட்'.

நான் தமிழ் வழியில் படித்தவன். அகராதியைப் புரட்டினேன். நூன் என்றால் நண்பகல். ஆஃப்டர் என்றால் பிறகு. மில்லெட் என்றால் கம்பு, கேழ்வரகு முதலிய சிறுதானியம். ஆக, நண்பகல், கம்புக்குப் பிறகு! எவ்வளவு சரியாகப் பெயர் வைத்திருக்கிறார் இந்த மனுஷர் என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. விடியற்காலம் இறங்கி அறுத்து, வெயில் ஏறியதும் கரையேறி, கம்பங்கூழைக் குடித்துவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் அறுப்புக் காலத்தில் தினமும் பார்த்த காட்சி. அப்படியானால் அந்தக் கறுப்பு மொத்தை? சந்தேகமே இல்லை, கூழ் கொண்டுவந்த தூக்குச்சட்டிதான்.

சிரியுங்கள். அந்த வாரம் விடுதியிலும் இப்படித்தான் சிரித்தார்கள். மிலே என்பவர் ஓர் ஓவியர், வான்கோ அவருடைய படத்தைப் பார்த்து வரைந்ததைத்தான் அந்த வரி சொல்கிறது என்று சீனியர் ஒருவர் விளக்கினார். "அது சாப்பாடு இல்லப்பா, ஆளு" என்றார். ஆனால் அதற்குள் நான் மூன்றடிக்கு நாலடியில் அதை வரைந்து முடித்திருந்தேன். கட்டம் போட்டுத்தான் வரைந்தேன், வேறு வழி எனக்குத் தெரியாது. கறுப்பு வெள்ளையைப் பார்த்துக் கலர் கொடுப்பது எனக்கு மூன்று வருஷத் தொழில். வைக்கோலுக்கு எங்கள் களத்து வைக்கோலின் நிறம். வானத்துக்கு வெள்ளை, ஓரத்தில் துளி சாம்பல். சித்திரை வைகாசி மதியத்தில் மதுரைப் பக்கம் வானம் நீலமாகவா இருக்கிறது? தூக்குச்சட்டிக்கு ஈயம் பூசிய பித்தளையின் மங்கல்.

இனி வான்கோவிடம் வருகிறேன். அவரைப் பற்றி நம் ஊரில் காது கதைதான் அதிகம் புழங்குகிறது. அவர் அச்சுப்படக் கடைப் பையன் என்பது பலருக்குத் தெரியாது.

1869இல், எனக்கு வாய்த்த அதே பதினாறு வயதில், ஹேக் நகரத்தில் கூபில் என்ற நிறுவனத்தின் கிளையில் வேலைக்குச் சேர்ந்தார் வின்சென்ட். அசல் ஓவியங்களோடு, புகழ்பெற்ற ஓவியங்களின் அச்சுப் படிகளையும் புகைப்படங்களையும் விற்கும் நிறுவனம் அது. லண்டன், பாரிஸ் கிளைகளிலும் இருந்து, 1876இல் வேலை போகும் வரை ஏழு ஆண்டுகள் அவர் கையில் புரண்டதெல்லாம் அச்சுத் தாள்கள். ஓவியத்தை நேரில் பார்க்க அருங்காட்சியகங்களுக்கும் போனார் என்பது உண்மைதான். ஆனால் மனப்பாடமானது அச்சில்தான். பிறகு ஆசிரியர் வேலை, புத்தகக் கடை, மதபோதகம் என்று எல்லாவற்றிலும் தோற்று, பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியான போரினாழில் இருந்தபோது, 1880இல், இருபத்தேழாவது வயதில், ஓவியனாவது என்று முடிவெடுத்தார். முடிவெடுத்ததும் என்ன செய்தார்? தம்பி தியோவுக்கு எழுதி மிலேயின் வயல்வேலைப் படங்களின் அச்சுகளை வரவழைத்தார். 'விதைப்பவன்' படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தார். ஷார்ல் பார்க் என்பவர் உருவாக்கியிருந்த பயிற்சித் தாள்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். நம் ஊரில் தபால் வழி டிராயிங் கோர்ஸ் கற்றவர்கள் செய்ததும் இதுதான்.

ஷான் பிரான்சுவா மிலே 1814 முதல் 1875 வரை வாழ்ந்த பிரெஞ்சுக்காரர், நார்மண்டியின் விவசாயக் குடும்பம். கூலிக்காரரையும் கதிர் பொறுக்கும் பெண்களையும் கோவில் சிலையின் கனத்தோடு வரைந்தார். அவர் இறந்த ஆண்டில் பாரிசில் அவருடைய வரைபடங்கள் ஏலத்துக்காகக் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, அந்த அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும்போல் இருந்தது என்று வின்சென்ட் தம்பிக்கு எழுதினார். அப்போது அவர் ஓவியரே இல்லை, கடைச் சிப்பந்தி. செருப்பு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

பாரிசில் இருந்த இரண்டு ஆண்டுகளில் அவரைப் பிடித்துக்கொண்டது ஜப்பானிய மரக்கட்டை அச்சு. அண்ணனும் தம்பியும் நூற்றுக்கணக்கில் வாங்கிக் குவித்தார்கள். அப்போது மலிவு. 1887இல் எடோ நகரத்து ஹிரோஷிகேயின் இரண்டு படங்களைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கித் தைல வண்ணத்தில் வரைந்தார். ஒன்று பிளம் தோட்டம், மற்றது மழையில் ஒரு பாலம். அவருடைய கித்தான் அந்த அச்சின் அளவுக்குப் பொருந்தவில்லை, ஓரத்தில் இடம் மிஞ்சியது. மிஞ்சிய இடத்தில் வேறு அச்சுகளிலிருந்து ஜப்பானிய எழுத்துகளைப் பார்த்து எழுதி நிரப்பிவிட்டார். ஓர் எழுத்தும் அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் கம்பு என்று படித்ததை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் இந்தச் செய்தியைப் படித்தேன். பெரிய ஆறுதல்.

அடுத்த ஆண்டு நவம்பரில், ஆர்ல் ஊரில், ஒரு 'விதைப்பவன்' வரைந்தார். திரையில் இப்போது வருகிறது. பின்னால் இருப்பது சூரியன், அப்பளம் இல்லை. எட்டுவைத்து விதைக்கும் அந்த ஆள் மிலேயிடமிருந்து வந்தவன். படத்தின் குறுக்கே சாய்ந்து மேல் விளிம்பில் வெட்டுண்டு போகிற மரம் ஹிரோஷிகேயின் பிளம் தோட்டத்து மரம். நார்மண்டிக்காரரும் எடோ நகரத்துக்காரரும் ஒருவரையொருவர் நேரில் கண்டதே இல்லை, இந்தக் கித்தானில் சந்தித்துக்கொள்கிறார்கள். எட்டு வருஷம் ஒரு படத்தையும் ஒரு வருஷம் இன்னொரு படத்தையும் கையால் வரைந்து வரைந்து பழகியதால் கிடைத்த கூட்டு இது. பார்த்து ரசித்ததோடு நிறுத்தியிருந்தால் இது கிடைத்திராது என்பது என் கட்சி.

இனி சான்ரெமி மனநல மருத்துவமனைக்கு வருவோம். 1889 மே 8 அன்று தானே போய்ச் சேர்ந்தார். ஜூலையில் நோய் கடுமையாகத் தாக்கியது. வாரக்கணக்கில் அறையை விட்டு வெளியே வரவில்லை. மாடலாக உட்கார ஆள் கிடையாது. கையில் இருந்தது தியோ அனுப்பிய அச்சுகள். அவற்றில் ஓவியர் டெலக்ருவாவின் 'பியெத்தா' லித்தோ ஒன்று, இறந்த இயேசுவைத் தாங்கும் மரியாள். அது எப்படியோ எண்ணெயிலும் வண்ணத்திலும் விழுந்து கெட்டுப்போனது. வருத்தப்பட்ட வின்சென்ட் அதைப் பார்த்துத் தைல வண்ணத்தில் வரைந்தார். லித்தோவில் கல்லில் வரைந்தது தாளில் இடம் வலம் மாறி விழும். அச்சுத் தொழிலில் இருந்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். ஆகவே டெலக்ருவாவின் அசலோடு ஒப்பிட்டால் வின்சென்டின் படம் கண்ணாடிப் பிம்பம்போலத் திரும்பியிருக்கிறது. நிறமோ அச்சில் கிடையாது. மரியாளின் ஆடைக்கு ஒரு நீலம் கொடுத்தார், பாருங்கள், இந்த வெளிறிய திரையிலும் அந்த நீலம் கேட்கிறது.

அந்த இலையுதிர்காலம் தொடங்கி அடுத்த வசந்தம் வரை மிலேயை மட்டும் இருபது படங்களுக்கு மேல் வரைந்தார். ரெம்பிராண்ட்டையும் டோரேயையும்கூட வரைந்தார். தம்பிக்கு எழுதிய கடிதத்தில் தான் செய்வதை இசைக்கு ஒப்பிட்டார். பேத்தோவனை வாசிக்கிறவர் தன் பங்கைச் சேர்த்துத்தானே வாசிக்கிறார், வாசிக்கும் உரிமை இயற்றியவருக்கு மட்டும்தானா என்பது அவர் கேள்வி. கறுப்பு வெள்ளையை நிறங்களின் மொழிக்கு மாற்றுகிறேன் என்றும் சொன்னார். நமக்கு இதைப் புரிந்துகொள்ளக் கடிதம்கூட வேண்டாம். தியாகராஜர் கீர்த்தனை ஒன்றை எடுத்துச் சங்கதி போட்டு, நிரவல் செய்து முக்கால் மணி பாடுகிறார் ஒருவர். காப்பியடிக்கிறார் என்று சபையில் யாராவது எழுந்து போகிறார்களா?

நம் இலக்கணக்காரர்கள் இதற்கு எப்போதோ இடம் ஒதுக்கிவிட்டார்கள். தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் என்று பிரிக்கிறது. வழிநூலையும் நான்காக வகுக்கிறது. தொகுப்பது, விரிப்பது, தொகுத்து விரிப்பது, மொழிபெயர்ப்பது. வழிநூல் என்பது இழிசொல் அல்ல, அது ஒரு வகை. கம்பன் எழுதியது வழிநூல். யாரும் அவனைப் பார்த்து மூக்கைச் சுளித்ததில்லை. எழுத்துக்கு இவ்வளவு தெளிவாக இருந்த நாம் படத்துக்கு வந்ததும் ஏன் குழம்பிப்போனோம் என்று தெரியவில்லை. வெள்ளைக்காரர் காலத்துப் பரீட்சைப் புத்தியாக இருக்கலாம். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினால் பெஞ்சு மேல் ஏறு.

என் கதையும் அதில் மாட்டியது. எண்பதுகளின் தொடக்கத்தில் என் 'நண்பகல்' படத்தை ஒரு கண்காட்சிக்கு அனுப்பினேன். எந்தக் கண்காட்சி என்பது வேண்டாம், நடுவர்களில் இருவர் காலமாகிவிட்டார்கள். படம் திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால், பின்பக்கக் கட்டையில் சாக்பீஸால் 'காப்பி' என்று எழுதியிருந்தது. அழிக்கவில்லை. இன்றைக்கும் இருக்கிறது, கொஞ்சம் மங்கலாக.

கோபம் இருந்தது, மறைக்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் நூலகம் நூலகமாக உட்கார்ந்து யார் யார் யாரைப் பார்த்து வரைந்தார்கள் என்று குறிப்பெடுத்தேன். இரண்டை மட்டும் சொல்கிறேன். பிக்காசோ 1957 ஆகஸ்ட் 17 தொடங்கி அந்த ஆண்டு முடிவதற்குள் கான் நகரத்து வீட்டின் மேல்தளத்தில் அடைந்துகொண்டு, வெலாஸ்கெஸ் 1656இல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' படத்தை வைத்து 58 கித்தான்கள் வரைந்தார். அசல் படத்தின் முன்னால் பெரிய வேட்டை நாய் ஒன்று படுத்திருக்கும். பிக்காசோ அதை எடுத்துவிட்டு, அப்போது வீட்டில் திரிந்துகொண்டிருந்த லம்ப் என்ற குட்டைக்கால் நாயை உட்கார வைத்துவிட்டார். நடுநடுவே அலுத்துப்போனால் ஜன்னலுக்கு வெளியே இருந்த புறாக்களை வரைந்தார். அந்த 58இல் 9 படங்கள் புறாதான். மொத்தத்தையும் 1968இல் பார்சலோனா அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். ஸ்பெயின் அரசவையில் குட்டைக்கால் நாய்! என் தூக்குச்சட்டிக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைப்பாரா?

இன்னொருவர் பிரான்சிஸ் பேகன். வெலாஸ்கெஸ் வரைந்த பத்தாம் இன்னொசென்ட் போப்பின் உருவப்படத்தை வைத்து அலறும் போப்புகளாக வரைந்து தள்ளியவர். எல்லாம் புத்தகத்து அச்சைப் பார்த்துத்தான். 1954இல் ரோமுக்கே போனார். அசல் படம் அந்த ஊரில்தான் தொங்குகிறது. போய்ப் பார்க்கவில்லை. ஏன் என்று பலர் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கென்னவோ அது நன்றாகவே புரிகிறது.

ரவிவர்மாவையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவுக்குக் கடல் தாண்டிப் போகாதவர் அவர். திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஓவியர் வரைவதைப் பக்கத்தில் நின்று பார்த்தும், இங்கே வந்து சேர்ந்த படங்களைப் பார்த்தும் தைல வண்ணத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு 1894இல் தொடங்கிய அச்சகத்திலிருந்து அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் நம் பூசையறைகளுக்கு வந்தார்கள். சிவகாசி காலண்டரில் எத்தனை கைகள் அந்த லட்சுமியைத் திரும்ப வரைந்தன! ஒவ்வொரு கையிலும் தாமரையின் நிறம் கொஞ்சம் மாறியது, புடவைக் கரை மாறியது. எங்கள் அம்மா கும்பிட்டது எத்தனையாவது படியோ, தெரியாது. அருள் குறைந்ததாக அவர் சொல்லவில்லை.

சரி, பிழைப்புக்கு வருகிறேன். முப்பது வருஷம் வாரப் பத்திரிகைகளுக்குப் படம் போட்டேன். புதன்கிழமை மதியம் படம் போய்ச் சேர வேண்டும். தொடர்கதை அத்தியாயம் பெரும்பாலும் வந்திருக்காது. எழுத்தாளர் எழுதிக்கொண்டிருப்பார். உதவி ஆசிரியர் போனில் சொல்வார்: "சார், கதாநாயகி மாடிப்படியில உக்காந்து அழறா, போட்டுடுங்க." எந்த மாடிப்படி, எதற்கு அழுகிறாள், வயதென்ன, எதுவும் தெரியாது. மறுபடி பேனர் கொட்டகைதான். ரோஸ் அடி.

ஒரு புதன்கிழமை இப்படி ஓர் அழுகை வந்தது. எத்தனை விதம்தான் அழ வைப்பது? இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்துவது, தூணில் சாய்வது, ஜன்னல் கம்பியைப் பிடிப்பது எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. மணி பன்னிரண்டு. நிப்பில் மை காய்ந்துகொண்டிருந்தது. அப்போது கை தானாக அந்த வைக்கோல் போர்ப் பெண்ணை வரைந்தது. சுருண்ட உடல், மடித்த கை, உள்ளே புதைந்த முகம். மிலேயின் பெண் உழைத்த களைப்பில் உறங்குகிறாள். என் பெண் மயிலாப்பூர் மாடிப்படியில் கணவனோடு சண்டை போட்டுவிட்டுக் கிடக்கிறாள். தோள்பட்டை அதே தோள்பட்டை. முகமே தெரியாமல் ஒரு பெண்ணை அழ வைக்க முடியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தத் தோளை ஏற்கெனவே முப்பது நாற்பது தடவை வரைந்து பார்த்திருந்ததால் கைக்கு வழி தெரிந்திருந்தது. அந்த வாரம் வாசகர் கடிதங்களில் படத்தைப் பாராட்டி மூன்று வந்தன. அகத்தூண்டுதல் என்று பெரிய பெரிய வார்த்தையில் கேட்கிறார்களே, என் அனுபவத்தில் அது புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு வருவது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து யாரையாவது பார்த்து வரைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் எல்லா ஞாயிறும் வரைந்தேன். கல்யாணமான ஞாயிறு தவிர.

1998இல் ஒரு கூட்டுக் கண்காட்சிக்காகப் பாரிஸ் போகும் வாய்ப்பு வந்தது. மற்ற நண்பர்கள் லூவர் பக்கம் போக, நான் ஓர்சே அருங்காட்சியகத்துக்குப் போனேன். பழைய ரயில் நிலையம், 1986இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. படிகளில் ஏறும்போது முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்றால் அது வயதினால் மட்டும் இல்லை.

முதலில், படம் சின்னது. 73 சென்டிமீட்டர் உயரம், 91 அகலம். நான் வரைந்தது அதைவிடப் பெரியது. அடுத்து அந்த நீலம். அவர்கள் உடுப்பில் நீலம், வானத்தில் ஊதா கலந்த நீலம், எதிரே வைக்கோல் முழுக்கத் தங்க மஞ்சள். இருபத்திரண்டு வருஷமாக என் மனதில் வெள்ளை வானத்தோடு இருந்த படம் இது. கொஞ்ச நேரம் வேறு யாருடைய படத்துக்கோ முன்னால் நிற்பதுபோல இருந்தது. கிட்டப் போனேன். ஒவ்வொரு வைக்கோலுக்கும் ஒரு தூரிகை இழுப்பு. போரில் நட்டுக்குத்தாக, தரையில் படுக்கையாக. மெழுகி வைத்ததுபோல வண்ணம் தடித்து நிற்கிறது. ஒரு நடுங்கிய இழுப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை. நோயாளியின் கை என்று யார் சொன்னது?

பக்கத்து அட்டையில் காலம் போட்டிருந்தது: 1889 டிசம்பர் முதல் 1890 ஜனவரி. திரும்பப் படித்தேன். ஜனவரி! கொளுத்தும் அறுப்புக்கால நண்பகலை அந்த மனிதர் வரைந்தது நடுக்குளிரில், மருத்துவமனையில், கறுப்பு மைக்கோடுகளைப் பார்த்து. மிலே வரைந்ததை லாவியெய் என்ற செதுக்குக்காரர் மரத்தில் செதுக்கி அச்சிட்டது 1860இல். அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் இந்த வெயிலை அவர் அடித்திருக்கிறார். எந்த வெயில்? ஆர்லில் இருந்த கோடையில் உடம்பில் வாங்கியதாக இருக்க வேண்டும். நான் மதுரை வெயிலை அடித்தேன். இரண்டும் ஸ்டில்லில் இல்லை.

பிறகுதான் கண் கீழே இறங்கியது. கதிரறுவாள்கள் இரண்டும் இருக்கின்றன. பக்கத்தில் தூக்குச்சட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஜோடி செருப்பு. செருப்புகூட இல்லை, கனத்த பூட்ஸ். கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு உறங்குகிறான். மிலேயின் படங்களுக்கு முன்னால் செருப்பைக் கழற்ற நினைத்தவர், பழைய பூட்ஸுகளையே தனிப் படங்களாக வரைந்தவர், அவர் வைத்த செருப்பை நான் சட்டி என்று பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் அறுப்புக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு போனவர்கள் யாரும் இல்லை. அதனால் அது செருப்பாக இருக்கலாம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. காவலர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

அதே அருங்காட்சியகத்தில் அவருடைய 'படுக்கையறை'யும் இருக்கிறது. மூன்று முறை வரைந்த படம். 1888இல் வரைந்த முதல் படம் ஈரத்தில் கெட்டுப்போகவே, மறு ஆண்டு செப்டம்பரில் அதைப் பார்த்துத் தானே மறுபடி வரைந்தார். பிறகு அம்மாவுக்கும் தங்கைக்குமாகச் சின்ன அளவில் மூன்றாவது. ஓர்சேயில் இருப்பது அதுதான். சுவர்கள் நீலமாக இருக்கும். ஆனால் அவர் அடித்தது ஊதா. கலந்த சிவப்பு சாயம் வெளிச்சத்தில் வெளிறிப்போய் நீலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று ஆய்வில் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆக, விமானம் ஏறிப் போய் அசலுக்கு முன்னால் நின்றாலும் அவர் அடித்த நிறம் நமக்குக் கிடைப்பதில்லை. தம்பி, உங்கள் புரொஜெக்டரை இனி யாராவது திட்டினால் இதைச் சொல்லுங்கள்.

ஊருக்குத் திரும்பியதும் என் பழைய படத்தை எடுத்து வைத்தேன். தூக்குச்சட்டியை அழித்துவிட்டுப் பூட்ஸ் வரையலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தட்டில் கறுப்புகூடப் பிழிந்துவிட்டேன். மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பார்த்தார். "அதையும் எடுத்துட்டா, அவங்க என்னத்தக் குடிச்சிட்டுத் தூங்குவாங்க?" என்றார். கறுப்பைச் சுரண்டி டியூப்பில் திரும்பப் போட முடியாது, வீணாகப் போனது.

இப்போது அந்தப் படம் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சில பிள்ளைகள் வரைய வருகிறார்கள். போன மாதம் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள், கல்லூரி முதலாண்டு. வந்ததிலிருந்து கூடத்துப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது யார் படம் சார் என்று கேட்டதற்கு, வான்கோவைப் பார்த்து வரைந்தது, வான்கோ மிலேயைப் பார்த்து வரைந்தது என்று சொல்லிவிட்டு நான் அடுத்த பையனுக்குக் கோடு திருத்தப் போய்விட்டேன். அவள் போனை எடுத்துத் தேடியிருக்கிறாள். ஓர்சே படம் வந்திருக்கிறது. இரண்டு விரலால் விரித்து விரித்து, நான் மூக்கு முட்டப் பார்த்ததைவிடக் கிட்டத்தில் பார்த்திருக்கிறாள். வைக்கோலைப் பார்த்தாள், அறுவாளைப் பார்த்தாள், பூட்ஸையும் பார்த்தாள். பிறகு போனை என்னிடம் நீட்டி, கொஞ்சம் குறையாகச் சொன்னாள்:

"சார், வான்கோ தூக்குச்சட்டிய விட்டுட்டாரே?"